கருவி காட்டிய பூஜ்யம்

2022-ஆம் ஆண்டு ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றின் விடியற்காலையில், என் அக்காவின் கணவர் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டையை இறக்கிவிட்டு, மேலூருக்கு அருகிலிருக்கும் எங்கள் ஊருக்குத் தம் இருசக்கர வாகனத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். ஒத்தக்கடையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றபின், சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த அவரைப் பின்னால் வந்த வாடகைக் கார் ஒன்று இடித்து, வண்டியோடு இழுத்துக்கொண்டு மண் பாதைக்கு இறங்கி, ஒரு புளியமரத்தை உரசிக்கொண்டு நின்றது. தார்ச் சாலையில் பிரேக் அழுத்திய தடம் ஒன்றுகூட இல்லை. மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

செய்தி கேட்டு நான் அங்கே போனபோது மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். காரை ஓட்டியவர் சாலை நடுவிலுள்ள திட்டில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. பெயரைக் கேட்டதற்கு இரண்டு முறை தவறாகத் தொடங்கி மூன்றாவது முறை சொன்னார். கண் இமைகள் தாமாகவே மூடிக்கொண்டிருந்தன. காவலர் ஒருவர் கருவியின் குழாயை அவர் வாயில் வைத்து ஊதச் சொன்னார். கருவி பூஜ்யம் காட்டியது. "குடிக்கல சார், தூங்கிட்டான் போல" என்று அந்தக் காவலர் என்னிடம் சொன்னார். அந்த நொடியிலேயே இந்த வழக்கு எந்தப் பக்கம் போகும் என்பது முடிவாகிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. காரின் கியருக்கு அருகில் இருந்த தட்டில் பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கிடந்ததை நான் பார்த்தேன். அதில் டிராமடால் என்று இருந்தது. ஏதோ வலி மாத்திரை என்று நினைத்து, மாமாவைத் தேடிப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். சம்பவ இடத்தில் கண்டதைக் காவலர்கள் எழுதிவைக்கும் பார்வை மகஜரில் அந்த அட்டை இடம்பெறவில்லை. அந்த இளைஞரின் இரத்தம் எடுக்கப்படவும் இல்லை.

டிராமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. மயக்கம், தலைசுற்றல், மந்தமான எதிர்வினை ஆகியவை அதன் அறியப்பட்ட விளைவுகள். தவறான பயன்பாடு பெருகியதால் 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதை என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருளாக அறிவித்தது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத இந்த மாத்திரை, இரவெல்லாம் வண்டி ஓட்டி முதுகு விட்டுப்போனவர்களிடையே கைமாறுகிறது என்பதை வாடகைக் கார் நிற்கும் எந்த இடத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவையெல்லாம் எனக்கு மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தன. அதற்குள் தெரிந்தும் பயனில்லாமல் போயிருந்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவை நம்மில் பலர் குடிபோதையில் வண்டி ஓட்டுவதற்கான பிரிவு என்று மட்டுமே அறிவோம். உண்மையில் அதில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. முதலாவது மதுவைப் பற்றியது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். அங்கே எண் பேசுகிறது. ஓட்டுநர் நன்றாக ஓட்டினாரா, தள்ளாடினாரா என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டாவது மற்றப் போதைப்பொருள்களைப் பற்றியது. அங்கே எண் கிடையாது. வாகனத்தை முறையாகக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஒருவர் அப்பொருளின் பிடியில் இருந்தார் என்று காட்ட வேண்டும். பொருள் உடலில் இருந்தது என்பதையும், அதனால் அவர் திறன் இழந்திருந்தார் என்பதையும் காட்ட வேண்டியதாகிறது. தண்டனை இரண்டுக்கும் ஒன்றுதான்: முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், மறுமுறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-இல் வந்த திருத்தம் அபராதத்தை உயர்த்தியதோடு, என்.டி.பி.எஸ். சட்டம் சொல்லும் போதைப்பொருள்களையும் மனமயக்கப் பொருள்களையும் இந்தப் பிரிவின் விளக்கத்திலேயே சேர்த்துவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்குக்கூட அந்தப் பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை.

எனவே சட்டத்தில் இடம் இருந்தது. இடம் இல்லாமல் போனது அதை நிரூபிக்கும் வழியில்தான். இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக்கப்பட்ட குடும்பம் தோற்பது இங்கேதான்.

203-ஆவது பிரிவு, சந்தேகம் இருந்தால் மூச்சுச் சோதனை செய்யக் காவலருக்கு அதிகாரம் தருகிறது. 204-ஆவது பிரிவு இரத்த மாதிரி கேட்க அதிகாரம் தருகிறது. ஆனால் அதன் வாசகம், மூச்சுக் கருவி மது இருப்பதாகக் காட்டியிருக்க வேண்டும் அல்லது ஓட்டுநர் ஊத மறுத்திருக்க வேண்டும் என்ற படிகளின் வழியாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. மாத்திரையோ கஞ்சாவோ எடுத்த ஒருவர் மறுக்காமல் ஊதுகிறார், கருவியும் பூஜ்யம் காட்டுகிறது என்றால் அந்தப் படி அங்கேயே முடிந்துவிடுகிறது. மதுவை நினைத்துக் கட்டிய ஏணியில் மற்றப் போதையைப் பிடிக்க ஏற முடியவில்லை. அதற்காக வேறு வழியே இல்லை என்று பொருளல்ல. குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவரின் உடலைச் சோதித்தால் ஆதாரம் கிடைக்கும் என்று கருத இடமிருந்தால், காவல் அதிகாரியின் வேண்டுகோளின்பேரில் மருத்துவர் இரத்தம் உட்பட மாதிரிகளை எடுக்கலாம் என்று அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த வேண்டுகோளை யாராவது எழுத வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஒரு கால் சிதைந்து கிடக்கும் சாலையில், போக்குவரத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும் இரண்டு காவலர்களில் யாருக்கு அது தோன்றும்? அவர்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் கையில் இருந்தது மதுவுக்கான கருவி மட்டுமே என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. டிராமடால் இரத்தத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கஞ்சாவின் கதை நேர்மாறானது: அதன் எச்சம் சிறுநீரில் பல நாட்கள், வழக்கமாகப் புகைப்பவரிடம் பல வாரங்கள்கூடத் தங்கும் என்பதால், சிறுநீரில் இருந்தது என்று மட்டும் சொன்னால் விபத்து நடந்த நேரத்தில் போதையில் இருந்தார் என்று ஆகிவிடாது. அதனால்தான் இரத்த முடிவோடு, முதலில் பார்த்த மருத்துவரின் குறிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும்: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததா, கண் சிவந்திருந்ததா, நடை எப்படி, பேச்சு குழறியதா, காலமும் இடமும் தெரிந்திருந்ததா. குடித்திருக்கிறாரா என்று சான்றிதழ் எழுதும்போது நம் அரசு மருத்துவர்கள் இவற்றையெல்லாம் பார்க்கத்தான் செய்கிறார்கள். மாத்திரை என்ற சொல் அவர்கள் காதில் விழுந்தால் அதே கண்ணோடு அதையும் பார்ப்பார்கள்.

எங்கள் வழக்கில் இவை எதுவும் இல்லை. அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 ஆகிய பிரிவுகளில், அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது, அதனால் கொடுங்காயம் விளைவித்தது என்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. அந்த இளைஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். அந்த இரண்டு பிரிவுகளும் அனுமதித்த உச்ச அபராதமே ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய்தான். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உயிர் போனால் 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. போதையில் இருப்பவர் தம் ஓட்டுதலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே ஓட்டினார் என்று நீதிமன்றம் கருதினால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே ஆகலாம். மும்பையில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் முடிவு செய்தது. அங்கே மது இரத்தத்தில் இருந்ததற்கு ஆய்வகச் சான்று இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இழப்பீட்டு வழக்கு தனி ஆறு. எங்கள் பக்கத்தில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சொல்வதால், மாமா கட்டிலை விட்டு எழுவதற்கு முன்பே, ஐந்தாவது மாதத்தில் கே.கே. நகரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் முதலில் சொன்னதே மாத்திரை அட்டையைப் பற்றித்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னது இது:

"சார், நீங்க பார்த்தது உண்மையா இருக்கலாம். ஆனா இங்க நமக்கு அது தேவைப்படாது. வண்டி பின்னாலேருந்து வந்து இடிச்சிருக்கு, பிரேக் தடம் இல்ல, ஓரமாப் போன ஆளு. கவனக்குறைவுன்னு காட்ட இது போதும். போதைன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, பாலிசி நிபந்தனையை மீறிட்டாங்கன்னு இன்சூரன்ஸ்காரன் முதல் ஆளா அதைப் பிடிச்சுக்குவான்."

அவர் சொன்னதில் சட்டம் இருந்தது. அதே 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 150-ஆவது பிரிவு, காப்பீட்டு நிறுவனம் எடுத்துவைக்கக்கூடிய எதிர்வாதங்களின் பட்டியலில் 185-ஆவது பிரிவில் சொல்லும் மது அல்லது போதைப்பொருளின் பிடியில் ஓட்டியதையும் சேர்த்திருக்கிறது. நிறுவனம் அதை நிரூபித்தால் பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்க வேண்டுமா என்றால், அப்படி அல்ல. உரிமம் இல்லாத ஓட்டுநர்கள் பற்றிய ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த முறை, முதலில் நிறுவனம் மூன்றாம் நபருக்கு, அதாவது பாதிக்கப்பட்டவருக்கு, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது. மது அருந்தி ஓட்டியவரின் வழக்கிலும், பாலிசியில் விலக்கு நிபந்தனை இருந்தபோதிலும், இதே முறைதான் பொருந்தும் என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வாதம் எழுந்தால் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும், ஆண்டுகள் கூடும், செயற்கைக் கால் வாங்கப் பணம் இல்லாத வீட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கடன். வழக்கறிஞரின் கணக்கு அதுதான். அவர் எங்களுக்கு நல்லதைத்தான் நினைத்தார்.

நான் ஒப்புக்கொண்டேன். எங்கள் மனுவில் மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை. குற்றவியல் வழக்கில் போதையைச் சொல்ல ஆதாரம் இல்லை. இழப்பீட்டு வழக்கில் அதைச் சொல்ல யாருக்கும் விருப்பம் இல்லை. காவல் நிலையத்துக்கு அது கூடுதல் வேலை, ஓட்டுநருக்குச் சிறை, உரிமையாளருக்குக் கடன், எங்களுக்குத் தாமதம். சொல்லியிருந்தால் பயன்பெற்றிருக்கக்கூடிய ஒரே தரப்பு காப்பீட்டு நிறுவனம்; அதன் கையிலும் சான்று இல்லாததால் அது மாமா திடீரென்று வலப்புறம் திரும்பினார் என்று வாதாடியது. இத்தனை பேர் கூடிய ஒரு விபத்தில், அது ஏன் நடந்தது என்ற காரணம் மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

தீர்ப்பாயத்தில் குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். மாமாவுக்கு அப்போது வயது 44. சர்லா வர்மா வழக்கில் 2009-இல் வகுக்கப்பட்ட அட்டவணைப்படி 41 முதல் 45 வயது வரை, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண் 14. சொந்தத் தொழில் செய்யும் 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 25 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்காமல், அந்தக் காயம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு கெடுத்தது என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் பெரிதும் உதவியது. விடியுமுன் தோட்டத்தில் குனிந்து பூப்பறித்து மூட்டை சுமப்பவருக்குக் கால் எவ்வளவு சதவீதம் என்று எந்த மருத்துவச் சான்றிதழும் சொல்லிவிடாது. இரண்டரை ஆண்டில் தீர்ப்பு வந்தது. பணம் வந்தது. மக்கள் நீதிமன்றத்தில் பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று உறவினர் சிலர் சொன்னபோது கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று.

உரிமையாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டியவர் அவரிடம் நிரந்தர வேலையில் இருந்தவர் அல்லர், ஆக்டிங் டிரைவர். ஆனாலும் தம் வேலைக்காகத் தம் வண்டியை ஓட்ட அனுப்பியவர் ஓட்டுநரின் கவனக்குறைவுக்குப் பொறுப்பு என்பதில் சட்டத்துக்குத் தயக்கம் இல்லை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒருநாள் அந்த இளைஞரே என்னிடம் வந்து பேசினார். வேளாங்கண்ணிக்கு ஒரு வாடகை போய் நள்ளிரவில் திரும்பியவரை, அதே கையோடு திருச்சி விமான நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். "முதுகு வலி தாங்கலண்ணே. கூட ஓட்டுற பையன் குடுத்தான். வலி போயிரும், தெம்பா ஓட்டலாம்னான்." அவருக்கு மருத்துவச் சீட்டு எதுவும் இல்லை. மாத்திரை போட்டிருக்கிறார் என்று தெரிந்தே உரிமையாளர் அனுப்பியிருந்தால், 188-ஆவது பிரிவின்படி உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. தெரியுமா என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த உரிமையாளர் தம் காரின் சேதத்துக்கும் காப்பீடு கோரினார் என்று கேள்விப்பட்டேன். அங்கே கதை வேறு. தன் வண்டிக்கான கோரிக்கையில், மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு ஓட்டுநர் போதையின் பிடியில் இருந்தார் என்று நிறுவனம் காட்டி மறுக்கலாம் என்று 2021-இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லியில் 2007 டிசம்பரில் விபத்துக்குள்ளான ஒரு போர்ஷ் கார் அது. வண்டி உரிமையாளருக்குக் கட்டாயமாக எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் போதைக்கு இதே விலக்கு உண்டு. இரவு ஓட்டத்துக்கு மாத்திரையை நம்பும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தாங்களே சொந்த வண்டி வைத்து ஓட்டி, அடிபட்டுச் செத்தாலும் தங்கள் வீட்டுக்கு அந்தப் பணம் போகாமல் போகலாம்.

மாமா இப்போது செயற்கைக் காலோடு மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். அந்த இளைஞரைப் பற்றி நான் எப்போதாவது கோபமாகப் பேசினால், "அவனும் தூங்காத பயதான்டா மாப்ள" என்பார். அவருக்கு இருக்கும் மனம் எனக்கு இல்லை.

போன மாதம் அதிகாலை நான்கு மணிக்கு எங்கள் பள்ளியில் என்னோடு வேலை செய்யும் ஆசிரியரின் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது. திருமங்கலம் நான்குவழிச் சாலையில் அவருடைய சித்தப்பாவை ஒரு சரக்கு வேன் இடித்துவிட்டது. ஓட்டுநர் ஊதியதில் கருவி எதுவும் காட்டவில்லை, ஆனால் ஆள் நிதானத்தில் இல்லை என்றார். நான் சொன்னவை நான்கு. வண்டிக்குள் என்ன கிடக்கிறது என்று கை வைக்காமல் போன் கேமராவில் படம் எடு. அது மகஜரில் ஏற வேண்டும் என்று அங்கேயே சொல். ஓட்டுநரின் இரத்தத்தைப் போதைப்பொருள் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று நிலைய அதிகாரிக்கு ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கு. அவர் இரத்தம் தர மறுத்தால் மறுத்தார் என்பதையாவது எழுதச் சொல், ஏனென்றால் தகுந்த காரணமில்லாமல் மறுப்பதை நீதிமன்றம் அவருக்கு எதிராகப் பார்க்க 205-ஆவது பிரிவு இடம் தருகிறது. மருத்துவரிடம் மாத்திரை என்ற சொல்லைச் சொல்.

அந்தப் பையன் பதற்றத்திலும் நான்கையும் செய்தான். இழப்பீட்டில் இது பின்னால் சிக்கல் தரலாம் என்பதையும் மறுநாள் அவனிடம் மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருக்கட்டும் சார், நடந்தது எழுத்துல இருக்கணும்" என்றான். காலை ஏழு மணிக்கு முன்பே அந்த ஓட்டுநரிடம் இரத்தம் எடுத்து முத்திரையிட்டிருக்கிறார்கள். தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து முடிவு இன்னும் வரவில்லை.